கொழுப்பை உறைய வைத்தால் தொடைக் குழிவு மறையுமா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 36. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொடையின் பின்புறத் தோல் சாத்துக்குடித் தோல் போலக் குழிகுழியாக ஆகிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஓர் அழகியல் மையத்தில், கொழுப்பை உறைய வைக்கும் சிகிச்சையை ஆறு முறை எடுத்தால் செல்லுலைட் எனப்படும் இந்தக் குழிவு முழுவதும் போய்விடும், எடையும் 8 கிலோ குறையும் என்றார்கள். மொத்தம் 72,000 ரூபாய். நகைச்சீட்டுக்குச் சேர்த்து வைத்திருந்த 25,000 ரூபாயை முன்பணமாகக் கட்டிவிட்டேன். சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை. இப்போது தயக்கமாக இருக்கிறது. தொடரலாமா? வேண்டாம் என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: தொடர வேண்டாம் என்பதே என் பதில். இந்தச் சிகிச்சை முழுக்க ஏமாற்று என்பதால் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் குறை ஒன்றாகவும் அவர்கள் விற்கும் சிகிச்சை வேறொன்றாகவும் இருப்பதால்தான் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய்க் குப்பியையும் தண்ணீர்க் குப்பியையும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்பட்டுவிடும். தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். கிரையோலிபோலிசிஸ் எனப்படும் இந்தச் சிகிச்சையும் ஏறத்தாழ இந்த வேறுபாட்டை நம்பித்தான் இயங்குகிறது. நீர் நிறைந்த தோலும் தசையும் தாங்கிக்கொள்ளும் குளிரைக் கொழுப்புச் செல்கள் தாங்குவதில்லை. குச்சி ஐஸை வாயில் வைத்துச் சப்பிய குழந்தையின் கன்னத்தில் கொழுப்பு அழற்சி ஏற்பட்டதை 1970-இல் மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் ஆகிய இருவரும் பிற்காலத்தில் இதை ஒரு சிகிச்சையாக வளர்த்தெடுத்தார்கள். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கான கருவியை 2010-இல் விலாப்பக்கக் கொழுப்புக்கும், 2012-இல் வயிற்றுக்கும், 2014-இல் தொடைக்கும் அனுமதித்தது.

கருவியின் கிண்ணம் சதையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய 35 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை குளிர்விக்கும். கிண்ணத்தை எடுத்ததும் அந்த இடம் வெண்ணெய்க் கட்டி போல விறைத்து நிற்கும். அதைக் கையால் பிசைந்து தளர்த்துவார்கள். செத்த செல்களை உடல் மெல்ல அப்புறப்படுத்துவதால், பலன் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். நன்றாக வேலை செய்தாலும், கிண்ணம் பிடித்த அந்த ஓர் இடத்தில் கொழுப்பு அடுக்கின் கனம் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். எடை பார்க்கும் கருவியில் இந்தக் குறைவு தெரியாது என்றே சொல்லலாம். ஆகவே 8 கிலோ குறையும் என்பது நடவாத பேச்சு.

இனிக் குழிவுக்கு வருவோம். பழைய இலவம்பஞ்சு மெத்தையில் இடையிடையே நூலை இழுத்து முடிச்சுப் போட்ட இடமெல்லாம் உள்வாங்கியும், நடுவிலுள்ள பஞ்சு மேலே புடைத்தும் இருக்கும் அல்லவா? தோலுக்கு அடியில் நடப்பதும் அதுதான். நார்த்திசு இழைகள் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க, அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்பு மேலே தள்ளுகிறது. குளிர் அந்த நாரை அறுப்பதில்லை. பஞ்சைக் கொஞ்சம் எடுத்துவிட்டாலும் முடிச்சு முடிச்சாகவே இருக்கும். தோலில் தளர்ச்சி இருந்தால் குழிவு முன்னைவிடத் துலக்கமாகத் தெரியவும் வாய்ப்புண்டு. நாரையே அறுக்கும் ஒரு கருவி 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாரைக் கரைக்கும் ஊசிமருந்து ஒன்று 2020-இல் ஒப்புதல் பெற்றாலும், ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போதலும் நிறமாற்றமும் கவலை தந்ததால், 2022 இறுதியில் அதன் நிறுவனமே அதை நிறுத்திக்கொண்டது. அவ்வளவு தேடியும் எளிதில் பிடிபடாத ஒன்றை, ஆறு முறை குளிர வைத்துப் போக்கிவிடலாம் என்று ஒருவர் உறுதி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒன்றை மனதார எழுதுகிறேன், சகோதரி: பருவம் எய்திய பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு, ஒல்லியானவர்கள் உட்பட, இந்தக் குழிவு உண்டு. இது நோயும் அல்ல, உங்கள் கவனக்குறைவால் வந்ததும் அல்ல.

அடுத்தது பணம். நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் பால்பாயிண்ட் பேனாவால் ‘பேக்கேஜ் அட்வான்ஸ்’ என்று மட்டும் இருக்கிறது. மருத்துவர் பெயரோ, பதிவு எண்ணோ, கருவியின் பெயரோ, ஜிஎஸ்டி எண்ணோ இல்லை. அடியில் பொடி எழுத்தில் ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வரியைக் கண்டு மனம் தளர வேண்டாம். ஒரு சேவையின் பயனைப் பற்றிப் பொய்யாக எடுத்துரைப்பது, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதைச் செய்துவிட்டு ரசீதின் ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

முதலில், எதை உறுதி சொல்லிப் பணம் வாங்கினார்கள், ஏன் விலகுகிறீர்கள், எந்தத் தேதிக்குள் பணம் வேண்டும் என்பதை எழுதி, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 8 கிலோ என்று வந்த செய்தியைப் படம் எடுத்து வைப்பதோடு, மூலச் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். மையம் கேரளத்தில் இருப்பதால் அங்கே போய் அலைய வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இந்தச் சட்டம் இடம் தருவதால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் உரிமை உண்டு. மீதித் தொகைக்குத் தவணைக் கடன் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். மையத்தோடு உள்ள தகராறு வேறு, நிதி நிறுவனத்தின் கடன் வேறு. சிகிச்சை நின்றாலும் தவணை நிற்காது.

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் தக்கலையில் திருமணம். இடுப்புச் சதை குறைய இந்தச் சிகிச்சை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். வீக்கமும் கன்றலும் மரத்துப்போதலும் முதல் சில வாரங்களில்தான் இருக்கும். முகூர்த்த நாளில் மகளுக்குக் கையில் இருப்பது இரண்டாவது மட்டுமே.

கேள்வி: குளச்சல் பக்கம் ஊர். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தபோது வயிற்றில் இந்தச் சிகிச்சை செய்தேன். நான்கு மாதமாகிறது. கருவி வைத்த இடம் குறைவதற்குப் பதில் சதுரமாகப் புடைத்துக் கெட்டியாக இருக்கிறது, வலி இல்லை. இன்னொரு முறை செய்தால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து இன்னொரு முறை செய்துகொள்ளாதீர்கள். குளிர்வித்த இடத்தில் கொழுப்பு குறையாமல் பெருகிவிடும் ஒரு பின்விளைவு 2014 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அரிதானது, ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதாகவும் சொல்கிறார்கள். கிண்ணத்தின் வடிவத்திலேயே வலியின்றிப் புடைத்து நிற்பதுதான் அதன் அடையாளம். தானாக வற்றுவதில்லை, பெரும்பாலும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்‌ஷன் போன்ற அறுவை முறைதான் தீர்வாகிறது. உலகப் புகழ்பெற்ற மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா தமக்கு நேர்ந்ததாக 2021-இல் வெளிப்படையாகச் சொன்னது இதைத்தான். உங்களுடையது அதுதானா, குடலிறக்கம் போன்ற வேறொன்றா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் காட்டி, அவர் கண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு மையத்திடம் மூன்றைக் கேளுங்கள்: நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகல், கருவியின் பெயர், செய்தவரின் தகுதியும் பதிவு எண்ணும். இந்தப் பின்விளைவு படிவத்தில் இருந்ததா, குளிரால் உடல் பாதிக்கும் கிரையோகுளோபுலினீமியா போன்ற நோய்கள் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்தார்களா என்பவை வழக்கில் முக்கியம். பணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே அவகாசம். விடுமுறை முடிந்து விமானம் ஏறுவதற்கு முன் அந்த மருத்துவச் சான்றைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.