கட்டுரையே இல்லை என்று முடிவு கட்டும் முன்

மருத்துவ நூலகர் பதில்கள்

கேள்வி: மேடம், நான் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். எழுந்து நடமாட முடியாத நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வராமல் தடுக்க முடியுமா என்பது என் ஆய்வுத் தலைப்பு. அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் போட்டேன். ஒன்பது கட்டுரைதான் வந்தது, அதிலும் பாதி சம்பந்தமில்லாதது. கட்டுரையே இல்லாத தலைப்பு, மாற்றிவிடு என்கிறார்கள் தோழிகள். மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். உங்கள் தலைப்பில் கட்டுரைக்குப் பஞ்சமே இல்லை. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்துத் தரும் காக்ரன் நூலகத்தில் இதே விஷயத்துக்கென்று ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்விக்கான ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுக்கும் கட்டுரை) 2014-இல் வந்து, 2020-இல் புதுப்பிக்கப்பட்டும் இருக்கிறது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது நல்லது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை என்றுதான் அதுவும் முடிகிறது. அப்படியென்றால் ஆய்வுக்கு இன்னும் இடம் இருக்கிற தலைப்பு. நீங்கள் தேடிய விதத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பப்மெட்டுக்கு உங்கள் கேள்வி புரியாது, சொற்கள்தான் தெரியும். நீளமான வாக்கியமாகப் போட்டால் அதிலுள்ள முக்கியமான சொற்கள் அத்தனையும் இருக்கிற கட்டுரைகளை மட்டும்தான் அது தேடும், சொல் கூடக் கூட முடிவு குறைந்துகொண்டே போகும். அதனால் கணினிப் பக்கம் போகும் முன் ஒரு தாளை எடுத்துக் கேள்வியை உடைத்து எழுதுங்கள்: நோயாளி யார், என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன பலன் பார்க்கிறோம். பிக்கோ என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதுதான். ஆனால் வகுப்பில் பலர் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு, நான்கையும் தேடல் பெட்டியில் போடக்கூடாது. ஒப்பீட்டையும் பலனையும் அப்ஸ்ட்ராக்டில், அதாவது கட்டுரைச் சுருக்கத்தில், எழுதாமல் விடுகிற ஆசிரியர்கள் ஏராளம், நீங்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் அந்த நல்ல கட்டுரைகள் உங்கள் கண்ணிலேயே படாது. உங்களுக்கு இரண்டு கருத்து போதும்: படுக்கைப்புண், திருப்பிப் படுக்க வைத்தல்.

அடுத்து, ஒவ்வொரு கருத்துக்கும் எத்தனை பெயர் இருக்கிறது என்று எழுதுங்கள். தேடலின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். படுக்கைப்புண்ணை எடுத்துக்கொண்டால் ஆங்கிலத்தில் பெட்சோர் என்பது பேச்சு வழக்கு, பழைய நூல்களில் டெகுபிடஸ் அல்சர், அப்புறம் வெகுகாலம் பிரஷர் அல்சர், 2016-இல் அமெரிக்க ஆலோசனைக் குழு ஒன்று பிரஷர் இன்ஜுரி என்று சொல்ல வேண்டும் என்றதிலிருந்து நிறையப் பேர் அப்படி எழுதுகிறார்கள். ஒரே புண்ணுக்கு நான்கு பெயர். நீங்கள் ஒன்றை மட்டும் போட்டால் மற்ற பெயரில் எழுதியவர்களின் உழைப்பு உங்களுக்கு இல்லாமல் போகலாம். திருப்புவதற்கும் டர்னிங், ரீபொசிஷனிங், பொசிஷன் சேஞ்ச் என்று பல சொற்கள்.

இனிக் கோர்ப்பது. ஒரே கருத்தின் பெயர்களை ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்து நடுவில் ஆர் (OR) போடுங்கள், இரண்டு அடைப்புக்குறிகளுக்கும் நடுவில் ஆண்ட் (AND) போடுங்கள். ஆர் வலையை விரிக்கும், ஆண்ட் சுருக்கும். இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுங்கள், பப்மெட் அப்படித்தான் கேட்கும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் அது இடமிருந்து வலமாகத் தன் போக்கில் கணக்குப் போட்டுவிடும், முடிவு எங்கேயோ போய் நிற்கும். இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள்குறிக்குள் போடுங்கள். 'எழுந்து நடமாட முடியாதவர்கள்' என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலிலேயே சேர்த்துக் கழுத்தை நெரிக்க வேண்டாம். இதைச் செய்துவிட்டு எழுதுங்கள், எத்தனை வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.

கேள்வி: மெஷ் போட்டுத் தேடு என்று கைடு சொல்கிறார். சாதாரணமாகத் தேடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயக்கமே வேண்டாம், வேலைக்கு வந்து பத்து வருடம் ஆன டாக்டர்களும் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மெஷ் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் தொடங்கி இன்றுவரை வருடா வருடம் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு சொற்பட்டியல். மேலே படுக்கைப்புண்ணுக்கு நான்கு பெயர் பார்த்தோம் இல்லையா, ஆசிரியர் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் மெட்லைனில் (பப்மெட்டின் முக்கியப் பகுதி இது) அந்தக் கட்டுரைக்கு ஒரே தலைப்புச் சொல்தான் ஒட்டப்படும். அந்த ஒரு சொல்லைப் பிடித்தால் நான்கு பெயரும் கூடவே வந்துவிடும். இன்னொரு நன்மை, பட்டியல் கிளை கிளையாகப் பிரிந்திருக்கிறது. மேலே இருக்கிற பொதுவான சொல்லைக் கேட்டால் அதன் கீழே உள்ள நுணுக்கமான சொற்களையும் பப்மெட் தானே சேர்த்துக்கொள்ளும்.

ஆனால் மெஷ் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பப்மெட்டில் இருக்கிற எல்லாக் கட்டுரையும் மெட்லைன் கட்டுரை கிடையாது, மெஷ் ஒட்டப்படாதவை நிறைய இருக்கின்றன, புதிதாக வந்த கட்டுரைகளில் சிலவற்றுக்கும் இன்னும் ஒட்டியிருக்க மாட்டார்கள். அதனால் மெஷ் சொல்லையும் சாதாரணச் சொற்களையும் ஆர் போட்டுச் சேர்த்துத் தேடுவதே பாதுகாப்பு. பக்கவாட்டில் மனிதர்கள் மட்டும், இந்த வயது மட்டும் என்று ஃபில்டர் வருகிறதே, அவையும் மெஷ்ஷை நம்பித்தான் வேலை செய்கின்றன. அதை அழுத்திய உடனே மெஷ் இல்லாத புதுக் கட்டுரைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். முதல் நாளே ஃபில்டரைத் தொடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

அட்வான்ஸ்டு பக்கத்தில் உங்கள் தேடலுக்குப் பக்கத்தில் உள்ள விவரத்தைத் திறந்து பாருங்கள், நீங்கள் தட்டியதை பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்று முழுதாக எழுதியிருக்கும். தேடல் கற்க இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஒரு சொல்லின் முடிவில் நட்சத்திரக்குறி போட்டால் அந்தச் சொல்லை மெஷ்ஷோடு பொருத்தும் வேலையை அது நிறுத்திவிடும் என்பதும் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். நட்சத்திரக்குறி நல்லதுதான், நர்ஸ், நர்சஸ், நர்சிங் மூன்றையும் ஒரே தடவையில் பிடிக்கும், கூடவே குழந்தைகளின் நர்சரியையும் இழுத்துக்கொண்டு வரும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் சினால், எம்பேஸ், ஸ்கோபஸ் என்ற கட்டணத் தேடல் தளங்களை எல்லாம் வாங்கியிருக்கிறார்கள். பப்மெட் இலவசமாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? கூகுள் ஸ்காலர் வேறு இருக்கிறது.

பதில்: உங்கள் ஆய்வு நர்சிங் என்றால் சினாலைத் தொடாமல் முடிக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதன் கதையே அழகு. 1940-களில் எல்லா கிராண்டல் (Ella Crandall) என்ற நூலகர், தன் மருத்துவமனை நர்சுகளுக்கு வேண்டிய கட்டுரைகளைக் கண்டுபிடிக்கச் சரியான அட்டவணை எதுவும் இல்லை என்று பார்த்து, தானே அட்டைகளில் எழுதி அடுக்க ஆரம்பித்தார். அது 1961-இல் அச்சுப் புத்தகமாகி, பின்னால் கணினிக்கு வந்தது. நர்சுகளுக்காகவே பிறந்த அட்டவணை என்பதால் பப்மெட்டில் வராத நர்சிங் இதழ்களும், பிசியோதெரபி போன்ற துறைகளின் இதழ்களும், தீசிஸ்களும் அதில் கிடைக்கும். மருந்து பற்றிய தலைப்பு என்றால் எம்பேஸ் கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், சினாலுக்குத் தனிச் சொற்பட்டியல், எம்பேஸுக்கு எம்ட்ரீ என்று இன்னொன்று. பப்மெட்டில் எழுதிய தேடலை அப்படியே வெட்டி ஒட்டினால் நடக்காது, ஒவ்வொன்றிலும் அதன் பட்டியலைத் திறந்து அதற்குரிய சொல்லை எடுக்க வேண்டும். அனீமியா மாதிரி பிரிட்டனில் ஒரு எழுத்தும் அமெரிக்காவில் ஒரு எழுத்துமாக எழுதுகிற சொற்கள் இருக்கின்றன இல்லையா, சினால் எப்ஸ்கோ என்ற தளத்தின் வழியாக வந்தால் கூடுதலாக வரக்கூடிய எழுத்தின் இடத்தில் ஹேஷ் குறி போடுங்கள், இரண்டு எழுத்திலும் தேடித் தரும்.

கூகுள் ஸ்காலரை நான் விரோதியாகப் பார்க்கவில்லை. ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்துவிட்டால் அதைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்க அருமையான இடம். ஆனால் எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் பார்க்க விடாது, எந்த இதழ்களை உள்ளே சேர்க்கிறார்கள் என்ற பட்டியலும் கிடையாது. மெஷ் மாதிரி எதுவும் இல்லை. கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பி ரிவ்யூ எழுதாதீர்கள்.

கேள்வி: குழந்தைகளைப் பற்றித் தேடும்போது பெரியவர்களைப் பற்றிய கட்டுரை வேண்டாம் என்று நாட் (NOT) போட்டேன். தோழிக்குக் கிடைத்த முக்கியமான ஒரு கட்டுரை எனக்கு வரவே இல்லை.

பதில்: அந்தக் கட்டுரையில் குழந்தைகள், பெரியவர்கள் இரண்டு பேரும் இருந்திருப்பார்கள். பெரியவர் என்ற சொல் இருந்ததற்காகக் குழந்தைகளையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டது. நாட் போடவே போடாதீர்கள், தேவையில்லாததைக் கண்ணால் பார்த்து ஒதுக்குங்கள்.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். படிப்பை முடித்துவிட்டதால் கல்லூரி லாகின் போய்விட்டது. வார்டில் ஒரு சந்தேகம் வந்து தேடினால் அப்ஸ்ட்ராக்டோடு நிறுத்திவிட்டுப் பணம் கேட்கிறது. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நோயாளியின் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கட்டுரை எட்டாமல் இருப்பது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் வழிகள் இருக்கின்றன. பப்மெட் சென்ட்ரல் என்று தனியாக ஒன்று 2000-இலிருந்து இருக்கிறது, அதில் உள்ளவை முழுதும் இலவசம். பப்மெட்டில் தேடும்போதே இலவச முழுக் கட்டுரை என்ற ஃபில்டரைப் போடலாம். மேலே ஃபில்டர் வேண்டாம் என்றேன், அது ஆய்வுக்கு. வார்டு சந்தேகத்துக்குத் தாராளமாகப் போடுங்கள். அன்பேவால் என்ற சிறு நீட்டிப்பை பிரவுசரில் சேர்த்துக்கொண்டால், பணம் கேட்கிற பக்கத்திலேயே அந்தக் கட்டுரையின் சட்டப்படியான இலவசப் பிரதி வேறெங்காவது இருந்தால் காட்டிவிடும். காக்ரன் ரிவ்யூக்களின் எளிய மொழிச் சுருக்கம் எல்லாருக்கும் இலவசம், அவற்றில் சில தமிழிலும் இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தொடங்கிய ஹினாரி திட்டத்தில், வருமானம் குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் பதிவு செய்துகொள்ளலாம், உங்கள் நாடும் நிறுவனமும் அதில் வருமா என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்றுமே நடக்கவில்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள், முகவரி பப்மெட்டில் ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே உள்ள நிறுவன விவரத்தைத் திறந்தால் பல சமயம் இருக்கும். நான்கு வரி போதும், நான் யார், எந்த வார்டு, எதற்கு வேண்டும் என்று. தன் ஆய்வை ஒரு நர்ஸ் கேட்டு எழுதினால் எந்த ஆய்வாளருக்கும் சந்தோஷம்தான்.

கேள்வி: ஏ.ஐ.யிடம் கேட்டேன், பத்துக் கட்டுரையின் பெயரை ஆசிரியர், வருடம், இதழ் எல்லாம் போட்டுக் கொடுத்தது. அதில் மூன்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை. என் தேடலில் தப்பா?

பதில்: உங்கள் தப்பு இல்லை, அந்த மூன்றும் உலகத்திலேயே இல்லாதவையாக இருக்கலாம். கேட்கச் சரியாக இருக்கிற பெயர்களை அது தானே உருவாக்கிவிடும். கிடைத்த ஏழையும் சும்மா விடாதீர்கள், ஒவ்வொன்றையும் பப்மெட் எண் அல்லது டி.ஓ.ஐ. (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான அடையாள எண்) வைத்துத் திறந்து, ஏ.ஐ. சொன்னதைத்தான் கட்டுரையும் சொல்கிறதா என்று படித்துப் பாருங்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் பப்மெட் பக்கத்தின் மேலேயே அறிவிப்பு போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். ஒரு கருத்துக்கு வேறு பெயர்கள் என்னென்ன என்று யோசிக்கும் வேலைக்கு ஏ.ஐ.யைக் கேட்பதில் தவறில்லை, ஆனால் அந்தச் சொற்களை மெஷ்ஷில் சரிபார்த்த பிறகே தேடலில் போடுங்கள்.

கேள்வி: குறைமாதக் குழந்தையை ஐ.சி.யு.வில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் அப்பாக்களின் அனுபவம் பற்றிச் செய்கிறேன். பிக்கோவில் எதை எங்கே போடுவது என்றே தெரியவில்லை. தேடலை எப்போது நிறுத்துவது என்றும் சொல்லுங்கள்.

பதில்: அருமையான தலைப்பு. இதில் சிகிச்சையும் இல்லை, ஒப்பீடும் இல்லை, அதனால்தான் பிக்கோ ஒட்டவில்லை. யார், எந்த அனுபவம், எந்தச் சூழல் என்று மட்டும் பிரியுங்கள்: அப்பாக்கள், காத்திருப்பின் அனுபவம், பச்சிளம் குழந்தை ஐ.சி.யு. அப்பா என்ற சொல்லோடு நின்றுவிடாமல் பெற்றோர் என்றும் தேடுங்கள், அம்மாக்களைப் பற்றிய கட்டுரைக்குள் அப்பாக்கள் பேசிய நாலு பத்தி இருக்கும். சினாலும், உளவியலுக்கான சைக்இன்ஃபோவும் இதற்கு முதல் இடம். இம்மாதிரி கட்டுரைகளின் தலைப்பில் ஆய்வுக்குட்பட்டவர் சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்துவிடுவார்கள், அங்கே உங்கள் சொல் எதுவும் இருக்காது. அதனால் கிடைத்த நல்ல கட்டுரைகளின் கடைசியில் உள்ள பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்ப்பதும், அவற்றைப் பின்னால் மேற்கோள் காட்டியவர்களைத் தேடுவதும் உங்களுக்குக் கட்டாயம்.

புதிதாக எங்கே தேடினாலும் ஏற்கெனவே பார்த்த கட்டுரைகளே திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்தலாம். சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்றால் அந்தக் கணக்கு போதாது, எங்கெல்லாம் தேடுவது என்று முன்பே எழுதிவைத்து அதை முழுதாக முடிக்க வேண்டும். எதுவானாலும் ஒவ்வொரு தேடலையும் அன்றைக்கே எழுதிவையுங்கள்: எந்தத் தளம், எந்தத் தேதி, முழுத் தேடல் வரி, எத்தனை முடிவு. சிஸ்டமேட்டிக் ரிவ்யூ எழுதுவதற்கான வழிகாட்டியான பிரிஸ்மா 2020 படி எழுதச் சொன்னால் இவற்றைத்தான் கேட்பார்கள். என்னிடம் வந்த ஒரு மாணவி மூன்று மாதம் தேடிவிட்டு ஒரு வரிகூடக் குறித்துவைக்காமல் விட்டார், இருவரும் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து செய்தோம், முன்பு வந்த எண்ணிக்கை ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. பப்மெட்டில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கித் தேடலைச் சேமித்தால் புதுக் கட்டுரை வரும்போதெல்லாம் மின்னஞ்சலில் சொல்லும். கட்டுரைகளை ஸோட்டெரோ என்ற மென்பொருளில் சேர்த்துவிடுங்கள், அதுவும் இலவசம்தான், ஒரே கட்டுரை நான்கு தளத்திலிருந்தும் வந்திருந்தால் எடுத்துக்காட்டும், நீங்கள் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம்.