வைக்கோலும் சோறும் ஒரே சர்க்கரையா?

கேள்வி: மாவுச்சத்து, செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸால் ஆனவை என்று பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் சொல்கிறாள். ஒரே வயலில் விளைந்த அரிசி நமக்குச் சோறாகிறது. வைக்கோல் மாட்டுக்குத்தான் ஆகிறது. இரண்டும் ஒன்றென்றால் நாம் ஏன் வைக்கோலைத் தின்ன முடிவதில்லை?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி. இரண்டிலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் குளுக்கோஸ் அலகுகள் கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இணைப்பு உண்டாகும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. வேறுபாடு, கோத்த விதத்தில் இருக்கிறது. மாவுச்சத்தில் எல்லா அலகுகளும் ஒரே பக்கம் முகம் காட்டி நிற்பதால் சங்கிலி வளைந்து, ஏறத்தாழ ஆறு குளுக்கோஸுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சுருள்கிறது. செல்லுலோஸிலோ ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால், ஒரு வளைவை அடுத்த வளைவு ஈடுகட்டிச் சங்கிலி நேராக நீள்கிறது. அப்படி நீண்டவை பக்கம் பக்கமாகப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டு, கயிறு திரித்தாற்போல நாராகிவிடுகின்றன. கதிரின் பாரத்தைத் தாங்கித் தாள் நிற்பதில் இந்த நாருக்குப் பெரும் பங்குண்டு.

நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாவுச்சத்தின் இணைப்பை மட்டுமே வெட்டும். ஒரு பிடி வெறுஞ்சோற்றை விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்று பாருங்கள், இனிப்புத் தட்டும். செல்லுலோஸை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. மாட்டின் உடலும் அதைச் சுரப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்து வெளியிடும் கொழுப்பு அமிலங்களைக் கொண்டே மாடு பிழைக்கிறது. நெல் வைக்கோலில் தண்டை மரம்போல் இறுக்கும் லிக்னினும், மணலில் உள்ள சிலிக்காவும் மிகுந்திருப்பதால் அந்த நுண்ணுயிர்களும் திணறும். ஆகவேதான் வெறும் வைக்கோலைத் தின்னும் மாட்டிடம் பால் எதிர்பார்க்க முடியாது.

பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயென் 1833-இல் பெர்சோவுடன் சேர்ந்து, முளைவிட்ட தானியத்திலிருந்து மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியைப் பிரித்தெடுத்தார். செல்லுலோஸை 1838-இல் இனங்கண்டவரும் அவரே. கத்தியையும், அந்தக் கத்திக்கு மசியாத பொருளையும் ஒருவரே கண்டுபிடித்திருக்கிறார்!

மகளோடு இதையும் செய்து பாருங்கள். கஞ்சித்தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டால், சுருளுக்குள் அயோடின் புகுந்து கருநீலமாகும். மருந்துக்கடைப் பஞ்சு ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ்தான். அதன்மேல் விட்ட சொட்டு பழுப்பாகவே கிடக்கும்.

கேள்வி: மட்ட அரிசிச் சோறு உதிரியாக நிற்கிறது, பச்சரிசி குழைகிறது. ஃப்ரிட்ஜில் வைத்த சோறு ஏன் விறைத்துப்போகிறது?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரு வகை உண்டு. கிளைகள் விட்ட அமைலோபெக்டின் மிகுந்த அரிசி ஒட்டும். கிளையற்ற அமைலோஸ் மிகுந்தது உதிரும். வேகும்போது நீரேறி அவிழ்ந்த சங்கிலிகள் ஆறும்போது மறுபடி அடுக்கிக்கொள்வதே விறைப்பு, அதுவும் குளிரில் வேகமாக நடக்கிறது. மட்ட அரிசியை உமியோடு புழுக்கி உலர்த்தும்போதே இந்த அவிழ்தலும் அடுக்கலும் ஒருமுறை நடந்துவிடுவதால், அது உலையில் எளிதில் குழைவதில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில் சிக்கிள் செல் (அரிவாள் அணு) நோய் இருக்கிறது. சிலர் சாபம் என்கிறார்கள். உண்மைக் காரணம் என்ன?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: சாபம் அன்று, புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒரே ஒன்றின் மாற்றம். சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா எனப் புரதச் சங்கிலிகள் நான்கு உண்டு. பீட்டாச் சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவதாக வரவேண்டிய குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில், டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறியதால் வேலின் வந்துவிடுகிறது. முன்னது நீரை விரும்புவது, பின்னது எண்ணெயைப் போல நீரை விட்டு விலகுவது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில், இந்த வேலின் பக்கத்து ஹீமோகுளோபினின் குழிவில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகள் உள்ளிருந்து நெட்ட, வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. தாங்க முடியாத வலி அதனால் வருவது.

இது மூலக்கூறின் நோய் என்று அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் 1949-இல் காட்டினர். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபுக்கூறு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-இல் பதிவு செய்தனர். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்றவருக்குப் பொதுவாக நோய் இராது, கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பும் உண்டு. மலேரியா மிகுந்த காடுகளில் இது நிலைத்ததற்கு அதுவே காரணம். தாய், தந்தை இருவருமே அப்படிப்பட்டவர்களானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டறியலாம். 2023-இல் தொடங்கிய மத்திய அரசின் ஒழிப்புத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் இந்தப் பரிசோதனையே முதல் வேலையாக வைக்கப்பட்டிருக்கிறது.