உப்புவெளியா, உவர்மலையா?

திருகோணமலையில் உப்புவெளிக் கடலோர வீட்டை வாடகைக்கு எடுப்பதா, உவர்மலை வீட்டை எடுப்பதா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நான் என்றால் உவர்மலை வீட்டைத்தான் எடுப்பேன். இரண்டுக்கும் வாடகை ஒன்றுதான் என்பதற்காக உப்புவெளி வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நீங்கள் அதைப் பார்த்தது ஆடி மாதத்தில். அப்போது கடல் குளம் மாதிரிக் கிடக்கும், மனம் அங்கேயே நின்றுவிடும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று நேராக அந்த வாசலில் அடிக்கும். என் அக்கா வீடும் அந்தப் பக்கம்தான். போன வருடம் பெயின்ட் அடித்த யன்னல் கம்பி, இப்போது விரல் பட்டாலே செதில் செதிலாக உதிர்கிறது.

சரி, முடிவெடுக்க முன் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் பேச்சே வேண்டாம்.

ஆனால் அலைச் சத்தம் இல்லாமல் அம்மாவுக்கு நித்திரை வராது என்று எழுதியிருந்தீர்கள். அது அப்படித்தான் என்றால் உப்புவெளிக்கே போங்கள். கம்பிக்கு வருடம் இரண்டு தடவை பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.