அம்மாவின் வேலை எந்தக் கணக்கில் சேரும்?

கேள்வி: என் தாயாருக்கு 67 வயது. எஸ்டேட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அக்கம்பக்கத்துச் சிறு தோட்டங்களில் வாரம் மூன்று நாள் கிலோ கணக்கில் கொழுந்து பறிக்கிறார். மற்ற நாட்களில் விறகு பொறுக்குகிறார், என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அண்மையில் வேலைவாய்ப்பு பற்றிய அரசுக் கணக்கெடுப்புக்கு வந்தவர்களிடம் என் அண்ணன், “அம்மா சும்மாதான் இருக்காங்க” என்று சொல்லிவிட்டார். அவர்களும் அப்படியே குறித்துக்கொண்டார்கள். இதனால் பாதகம் உண்டா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் தாயாருக்கு நேரடியாக எந்தப் பாதகமும் வராது. ஆனால், மலையில் உழைக்கும் முதிய பெண்களின் கணக்கிலிருந்து அவர் விடுபட்டுப்போனார். மாதிரிக் கணக்கெடுப்பில் தேர்வாகும் ஒரு வீடு பல வீடுகளுக்காகப் பேசுவதால், அவரைப் போன்ற பலரும் அவரோடு சேர்ந்தே விடுபடுகிறார்கள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. கடந்த 365 நாட்களில் ஒருவர் வழக்கமாகச் செய்தது என்ன என்பது ஒன்று. அதில் 30 நாட்களுக்குக் குறையாமல் துணைத்தொழிலாகச் செய்த வேலைக்கும் இடம் உண்டு. கடந்த 7 நாட்களில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்பது மற்றொன்று. இரண்டிலும் வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. வாரம் மூன்று நாள் கொழுந்து பறிக்கும் உங்கள் தாயார் எந்த அளவுகோலின்படி பார்த்தாலும் தொழிலாளிதான்.

விறகும் பேரப்பிள்ளைகளும் மட்டும் அவர் பொறுப்பாக இருந்திருந்தால், அவற்றை வீட்டுப் பணிகள் என்று தனியாகக் குறித்து, உழைப்பாளர் எண்ணிக்கைக்கு வெளியே வைத்திருப்பார்கள். இந்த வகைப்பாடு எனக்கு உடன்பாடானதன்று. விறகுக் கட்டோடு சரிவேறி வருவது உழைப்பில்லை என்றால் எந்த முதுகும் ஒப்புக்கொள்ளாது. 2019இலும் 2024இலும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. அதிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் அதிகாலை 4 மணி வரை, ஒவ்வொரு அரை மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று அதில் கேட்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கள ஆய்வொன்றுக்காக உங்கள் பக்கத்து ஊர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கும் ஒரு மகன் இதே சொற்களைத்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் திண்ணையில் அமர்ந்திருந்த தாயாரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்துச் சாறு ஊறி நகக்கண் வரை கறுத்திருந்தன; இடுப்பில் கட்டிய சாக்கை அவர் இன்னும் அவிழ்க்கக்கூட இல்லை. நேற்று எவ்வளவு பறித்தீர்கள் என்று அவரிடமே கேட்டேன். “பதினெட்டுக் கிலோ” என்று உடனே பதில் வந்தது. மகன் பொய் சொல்லவில்லை. வயதான தாயை வேலைக்கு அனுப்புகிறான் என்று ஊர் பேசுமோ என்ற கூச்சமும், முதியோர் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சமும் அவரை அப்படிச் சொல்ல வைத்தன. ஆகவே உங்கள் அண்ணனைக் கோபிக்காதீர்கள்.

இந்தப் பிழை எங்கே போய் நிற்கிறது என்பதுதான் என் கவலை. மக்கள்தொகை ஆய்வில் 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களை உழைப்பவர்கள் என்றும், 60 வயதைக் கடந்தவர்களை அவர்களைச் சார்ந்திருப்பவர்கள் என்றும் வைத்துத்தான் முதியோர் சார்பு விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். தொழிலாளர் வைப்புநிதித் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தத் தொகையில் மாதத்தைத் தள்ள முடியாமல் தோட்டத்தில் இறங்கும் ஒருவரைச் சும்மா இருப்பவர் என்று எழுதிவைத்தால், அந்த ஓய்வூதியம் போதவில்லை என்பதற்குச் சான்றே இல்லாமல் போகும்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேள்விக்கு உங்கள் தாயாரே பதில் சொல்லட்டும். ஆண்டில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவரை முதன்மைத் தொழிலாளர் என்றும், அதற்குக் குறைவாகச் செய்பவரைக் குறுநிலைத் தொழிலாளர் என்றும் அதில் பிரிப்பது வழக்கம். ஆகவே எத்தனை மாதம் கொழுந்து பறித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: நம் மாவட்டத்தில் முதியோர் பங்கு கூடுகிறது என்றால், மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்றுதானே பொருள்?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: அது ஒரு காரணம் மட்டுமே. நீலகிரியின் மக்கள்தொகை 2001இல் 7,62,141ஆக இருந்து 2011இல் 7,35,394ஆகக் குறைந்தது. பிள்ளைப்பேறு குறைவதாலும், வேலை தேடி இளையோர் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிடுவதாலும், முதியவர் ஒருவர்கூடக் கூடாமலே அவர்களின் பங்கு உயரலாம். உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும், பாட்டி மட்டும் இருக்கும் வீடுகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.