த்ரோ-இன்னா, கிக்-இன்னா?

கேள்வி: ஞாயிறுதோறும் ஏழு பேர் அணிகளாகக் கால்பந்து ஆடுகிறோம். பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறியும் த்ரோ-இன்னுக்குப் பதில், காலால் உதைத்து உள்ளே அனுப்பும் கிக்-இன் கொண்டுவந்தோம். ஆட்டம் மேம்பட்டதா என்று எப்படிக் கணக்கிடுவது?
– வாசகர், ஓசூர்

பதில்: கோல்களை எண்ணி முடிவுகட்டாதீர்கள். நல்ல கோல்கீப்பர் ஒருவர் வராவிட்டாலே அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். பந்து கோட்டைத் தாண்டியதிலிருந்து மறுபடி ஆட்டத்துக்குள் வரும்வரை ஸ்டாப்வாட்சில் பாருங்கள். போட்ட அணிக்கே பந்து கிடைத்ததா என்றும் குறியுங்கள்.

முதல் பாதி பழைய விதி, இரண்டாம் பாதி புதியது. அடுத்த வாரம் மாற்றிப் போடுங்கள். இல்லையென்றால் களைப்பால் வந்த தொய்வுக்கும் விதிமேல் பழி விழும். பந்து சாலைக்கு ஓடினால் சராசரி கெடும். நேரங்களை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள்.

கிக்-இன்னை நேரே கோல்முன் தூக்கி அடிப்பதைத் தனியாக எண்ணுங்கள். இந்த விதி கெடுவது அங்கேதான். உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சாலில் கிக்-இன்னை 4 விநாடிக்குள் உதைக்க வேண்டும், நேரடி கோலும் செல்லாது. அவ்விரண்டையும் சேர்த்தே சோதியுங்கள்.