கேனரி பேசறப்ப மட்டும் வாய் ஒட்டாதது ஏன்?

படத்தோட ஃபைல்ல கோளாறு இல்ல, திரும்ப டவுன்லோட் பண்ணாதீங்க. 1929ல வந்த 'தி கேனரி மர்டர் கேஸ்'ல கேனரிங்கற பாத்திரமா வர்ற லூயிஸ் ப்ரூக்ஸ் பேசறப்ப மட்டும் வாயும் வசனமும் ஒட்டலன்னு கேட்டிருந்தீங்கல்ல, அது அவங்க குரலே கிடையாது.

படத்தை முதல்ல மௌனப்படமாத்தான் எடுத்தாங்க, அதுக்குள்ள பேசும்பட அலை அடிக்க ஆரம்பிச்சதும் படக் கம்பெனி பாரமவுண்ட் இதையும் பேச வைக்கணும்னு கிளம்பிட்டாங்க, ஆனா ப்ரூக்ஸ் பாரமவுண்ட்டை விட்டுட்டு ஜெர்மனில டைரக்டர் பாப்ஸ்ட் படத்துக்குப் போயிட்டாங்க, மறுபடி வந்து குரல் குடுக்க முடியாதுன்னுட்டாங்க. அதனால மார்கரெட் லிவிங்ஸ்டன் குரல் குடுத்தாங்க. சில ஷாட்ல டூப்பும் அவங்கதான். கேனரியை முகம் தெரியாம காட்டற இடங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்க, ஆள் மாறினது பிடிபடும். ப்ரூக்ஸோட குரலே இல்லாம போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

செக் பண்ண:
1. துப்பறிவாளர் ஃபைலோ வான்ஸா வர்ற வில்லியம் பவல் பேசற சீனைப் போடுங்க. அவர் வாய் சரியா ஒத்துப்போனா ஃபைல் நல்லா இருக்கு.
2. அவருக்கும் தள்ளிப் போனா அப்ப நிஜமாவே சிங்க் (படமும் ஒலியும் ஒத்துப்போறது) பிரச்சனை. விஎல்சி ப்ளேயர்ல ஜே, கே கீயை அமுக்கி ஆடியோவை முன்னபின்ன நகர்த்துங்க.

ஒண்ணு மட்டும், ப்ரூக்ஸ் சீனை வெச்சு ஆடியோவை அட்ஜஸ்ட் பண்ணிடாதீங்க, அப்புறம் மத்த எல்லாருக்கும் கெட்டுடும். கேனரிதான் கொலையாகறவங்க, அதனால மிச்சப் படம் முழுக்க மத்தவங்க பேச்சுதான். இன்னும் முடிக்கலன்னா கதைச்சுருக்கம் எதையும் படிக்காதீங்க, கொலையாளி போட்ட திட்டம் அருமையா இருக்கும்.