லட்ஸ் அப்புறம், முதலில் எட்ஜ்

கேள்வி: ஐஸ் ஸ்கேட்டிங்கில் மகள் ஒற்றைக் காலில் கிளைடு செய்தால் நேராகப் போவதில்லை, உள்பக்கமாகவே வளைகிறாள்.

பதில்: கணுக்கால் உள்ளே சரிகிறது. வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிய பூட் வாங்கியிருப்பீர்கள். முதலில் அதை மாற்றுங்கள். முழங்காலை மடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு தள்ளலுக்கும் கர்கர் என்று சத்தம் வருகிறதே?

பதில்: பிளேடின் முன்முனையில் இருக்கும் பற்களால், அதாவது டோ பிக்கால் தள்ளுகிறீர்கள். பிளேடின் பக்கத்தால் தள்ளுங்கள். இங்கேயும் முழங்கால்தான்.

கேள்வி: சாணை பிடித்ததிலிருந்து பிளேடு ஐஸைக் கவ்விப் பிடிக்கிறது. ஏன்?

பதில்: ஹாலோ (பிளேடின் அடியில் இருக்கும் குழியின் வளைவு ஆரம்) எவ்வளவு, கடைசியாகச் சாணை பிடித்து எத்தனை நாள், உங்கள் எடை என்ன, எதையும் எழுதவில்லை. ஜோசியமா பார்க்க முடியும்? ஆரம்பநிலைக்குப் பெரும்பாலும் அரை அங்குலம் போதும். எண் சிறிதானால் குழி ஆழம், பிடிப்பும் அதிகம். கடையில் எந்த எண் வைத்தார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: கோச் ஆறு மாதமாக எட்ஜ் (பிளேடின் உள், வெளி விளிம்பு) வட்டமே போடச் சொல்கிறார். மகன் எப்போது லட்ஸ் குதிப்பான்? காசு வீணாகிறதா?

பதில்: அந்த கோச்சை விட்டுவிடாதீர்கள். லட்ஸ் பின்னோக்கிப் போகிறபோது வெளி எட்ஜிலிருந்து எழும்ப வேண்டிய ஜம்ப். எட்ஜ் நிற்காத பிள்ளை கடைசி நொடியில் உள் எட்ஜுக்குச் சரிந்துவிடும். 'ஃப்ளட்ஸ்' என்று கேலி செய்வார்கள், மதிப்பெண்ணும் போகும். சீனியர் ஆன பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

1990 வரை உலகப் போட்டியில் கட்டாய ஃபிகர்கள் இருந்தன. எட்டு போட்டு, போட்ட கோட்டின் மேலேயே திரும்பவும் போக வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். 1972 ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா ஃப்ரீ ஸ்கேட்டில் (இசைக்குக் குதித்துச் சுழன்று ஆடும் பகுதி) பின்தங்கியும் தங்கம் வாங்கியது அந்தக் கோடுகளால்தான். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பு, அதனால் எடுத்தார்கள். சரி, எடுக்கட்டும். ஆனால் கூடவே பெற்றோரின் பொறுமையும் போய்விட்டதே! ஃபிகர்களைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. முன், பின், உள், வெளி, இரண்டு கால்: மொத்தம் எட்டு எட்ஜ். பயிற்சியில் முதல் இருபது நிமிடம் அதற்குக் கொடுங்கள். தோள் ஆடாமல் ஒவ்வொன்றிலும் அரைவட்டம் வரட்டும், அப்புறம் லட்ஸ் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: நாற்பது வயதுக்கு மேல் கற்கிறேன். வெளி எட்ஜ் என்றாலே பயம்.

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான். இடுப்பை மட்டும் சாய்த்தால் விழுவீர்கள். கணுக்காலிலிருந்து தலைவரை மொத்தமாகச் சாயுங்கள், பார்வை வட்டத்துக்குள் இருக்கட்டும். ஹெல்மெட் போடுங்கள். முழங்கால்!

கேள்வி: பிளாஸ்டிக் கார்டு (பிளேடின் மேல் மாட்டும் காப்பு) போட்டே பிளேடைப் பையில் வைக்கலாமா?

பதில்: கூடாது, துருப்பிடிக்கும். துடைத்துவிட்டுத் துணி உறை போடுங்கள். இதையே எத்தனை முறைதான் எழுதுவது?